பழங்காலப் போர் கேம் ஆடப்போறீங்களா? மொதல்ல விறகு வெட்டுங்க மக்கா

பெரிய லீவு விட்டா எங்க வீட்டு மாடி ரூம்ல தக்கலை, மார்த்தாண்டம், கொளச்சல்னு எல்லா பக்கத்துல இருந்தும் சொந்தக்கார பிள்ளைய வந்து கூடிரும், என் லேப்டாப்ப எடுத்து வச்சு ரோமா கிரேக்கமானு ஒண்ண செலக்ட் பண்ணி, ரெண்டாவது நிமிஷத்துலயே பத்து சிப்பாய எடுத்து எதிரி ஊருக்கு அனுப்பி, அவன் எல்லாத்தையும் அடிச்சு கொன்னப்பறம் "அண்ணே இது கொள்ளாது, வேற கேம் போடுங்க"ன்னு சொல்லும். நாலு வருசமா இதே கததான். கேம் ரொம்ப நல்ல கேம், எப்பிடி ஆரம்பிக்கணும்னு பக்கத்துல இருந்து சொல்லிக்குடுக்க ஆள் இல்ல, அவ்வளவுதான். அதனால அவங்களுக்கு சொல்றத அப்பிடியே இங்க எழுதுறேன், இந்த மாதிரி கேம தொட்டே பாக்காதவங்களுக்குன்னு வச்சுக்கிடுங்க.

ஒரே ஒரு விசயம் மனசுல நின்னா போதும். சோறும் விறகும்தான் சண்டைய முடிவு பண்ணும், வாள் எல்லாம் அதுக்கு அப்பறம். நம்ம கொளச்சல்லயே 1741ல அதான் நடந்துச்சு. டச்சுக்காரன் கரையில எறங்கி கோட்டை மாதிரி அடைச்சு உக்காந்தான், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா படை சுத்தி வளைச்சுது, உள்ள இருந்த வெடிமருந்துல தீ பிடிச்சு அரிசி இருப்பும் சேந்து எரிஞ்சு போனதும் அவனுக்கு சரணடையறத தவிர வேற வழியே இல்லாம போச்சு. அப்பிடி பிடிபட்ட டச்சுப்படை அதிகாரி டிலனாய்தான் பின்னால திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி குடுத்தாரு, அவரு கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள இருக்கு, போய் பாக்கலாம். அது பழங்காலம் இல்லதான், ஆனா நம்ம மண்ணுல நடந்த கணக்கு, கேம்லயும் இதே கணக்குதான் ஓடுது.

சரி, எந்த கேம். இந்த வகையில ரெண்டு மாதிரி இருக்கு. ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கது, நீங்க யோசிச்சாலும் யோசிக்காட்டாலும் நேரம் போகும், எதிரி வேலை செஞ்சுகிட்டே இருப்பான், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் அந்த வகை, 1997ல வந்தது, நம்மூரு பிரௌசிங் சென்டர் காலத்து ஆளுகளுக்கு நல்லா தெரியும். இன்னொண்ணு சதுரங்கம் மாதிரி உங்க முறை வந்தா நீங்க நகத்தணும், முடிச்சு பட்டன அமுக்கினா எதிரி நகத்துவான். ரோம் டோட்டல் வார் ரெண்டையும் கலந்தது, நாடு ஆளுறது முறை வச்சு, சண்ட வந்தா நேரடியா. மொத மொதல்ல ஆரம்பிக்கவங்களுக்கு நான் சொல்றது ஜீரோ ஏ.டி. தான், ஏன்னா அது முழுக்க இலவசம், காசு கேக்காது, விளம்பரம் வராது, உலகம் பூரா தன்னார்வலர்கள் சேந்து பண்றது, 2001ல ஆரம்பிச்ச வேலை, 2009ல கேமோட புரோகிராம் கோட எல்லாருக்கும் தொறந்து விட்டாங்க. பேரு ஏன் அப்பிடின்னா, கிமு 1 முடிஞ்சா அடுத்தது கிபி 1 தான், பூஜ்ஜியம்னு ஒரு வருசமே கிடையாது, இல்லாத அந்த வருசத்த பேரா வச்சிருக்காங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச பேரு.

டவுன்லோட் அவங்களோட சொந்த சைட்ல இருந்து மட்டும் பண்ணுங்க. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுக்கும் இருக்கு. காசு குடுத்து வாங்க வேண்டிய கேம க்ராக் பண்ணி பென்டிரைவ்ல ஏத்தி தர்ற கடைங்க இருக்கு, நான் ஒரு தடவ அப்பிடி ஏத்தி லேப்டாப்ல வைரஸ் ஏறி காலேஜ் ப்ராஜெக்ட் மொத்தமும் போச்சு, வேண்டாம். என் சித்தி மகன்கிட்ட அரசு பள்ளிக்கூடத்துல குடுத்த லேப்டாப் இருக்கு, அதுல சின்ன மேப் போட்டு, கிராஃபிக்ஸ கொறச்சு, ஆள் எண்ணிக்கைய 100னு வச்சா ஓடுது. இந்த ஆள் எண்ணிக்கை செட்டிங் முக்கியம், ரெண்டு பக்கமும் எரநூறு முன்னூறு ஆள் ஆனதும் நல்ல மெஷினே திணறும், கேம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அழிச்சிராதீங்க.

தொறந்த உடனே மெனுல கத்துக்குற பகுதி ஒண்ணு இருக்கும், அதுல டுட்டோரியல ஒரு தடவ முழுசா ஆடுங்க, அரைமணி நேரம் ஆகும், பிள்ளைய இத தாண்டி குதிச்சு போகத்தான் பாக்கும், விடக்கூடாது. அப்பறம் தனியா ஒரு மேட்ச் போடுங்க. மேப் மெயின்லேண்ட், அளவு சின்னது, எதிரி ஒரே ஆள், அவன் லெவல் சாண்ட்பாக்ஸ். சாண்ட்பாக்ஸ்னா அவன் பாட்டுக்கு கிடப்பான், உங்கள தேடி வர மாட்டான். மொத ரெண்டு மூணு மேட்ச் இப்பிடித்தான் போகணும், அதுல வெட்கம் ஒண்ணும் இல்ல, கடல்ல எறங்குறதுக்கு முன்ன ஆத்துல நீந்தி பழகுற மாதிரி.

நாட்டுல மௌரியர எடுங்க. நம்ம நாட்டு பக்கம்னு மட்டும் இல்ல, அவங்களுக்கு ஆரம்பத்துலயே வேலை செய்யிற யானை ஒண்ணு கூட வரும், அது நடமாடுற குடோன் மாதிரி, மரம் வெட்டுற எடத்துக்கே கூட்டிட்டு போய் நிறுத்தினா வெட்டின ஆளு தூரம் நடக்காம அதுகிட்டயே போட்டுட்டு திரும்பிருவான். புதுசா ஆடுறவங்களுக்கு இது பெரிய ஒதவி.

இப்பம் மேட்ச் ஆரம்பிச்சாச்சு. ஊர் நடுவுல பெரிய கட்டடம், சிவிக் சென்டர்ம்பாங்க, சுத்தி நாலு பொம்பளைங்க, நாலு சிப்பாய், ஒரு குதிரைக்காரன், கையில சாப்பாடு விறகு கல் உலோகம் நாலும் முன்னூறு முன்னூறு. இந்த எடத்துல மொத ஒரு நிமிஷம் என்ன பண்றீங்கங்கறத வச்சே பாதி மேட்ச் தீந்துரும், அதனால இத மட்டும் பைய, வெவரமா சொல்றேன்.

மொத கிளிக், சிவிக் சென்டர அமுக்கி ஷிப்ட்ட பிடிச்சுகிட்டு பொம்பளை படத்த கிளிக் பண்ணுங்க, அஞ்சு பேரா சேத்து ஆர்டர் போகும். வேற எதையும் யோசிக்கறதுக்கு முன்ன இது. ஒரு ஆளுக்கு 50 சாப்பாடு. அப்பறம் அதே கட்டடம் செலக்ட்ல இருக்கப்பமே பக்கத்துல இருக்க பழச்செடி மேல ரைட் கிளிக், இனி உள்ள இருந்து வர்றவங்க நீங்க சொல்லாமலே நேரா பழம் பறிக்க போயிருவாங்க. ஏற்கனவே நிக்கற பொம்பளைங்கள செலக்ட் பண்ணி அந்த பழச்செடிய ஒட்டி ஒரு ஃபார்ம்ஸ்டெட், அதாவது சாப்பாடு கொண்டு சேக்குற குடோன், கட்ட சொல்லுங்க, 100 விறகு. நாலு சிப்பாயும் மரம் வெட்ட போகட்டும், யானையும் கூட போகட்டும். குதிரைக்காரன் கோழி பிடிக்கட்டும், சிரிக்காதீங்க, இந்த கேம்ல குதிரைக்காரன் இறைச்சி சேக்குற வேகம் ரொம்ப ஜாஸ்தி, ஊரச் சுத்தி திரியிற கோழி முடிஞ்சதும் மானு கீனு இருந்தா தேடி அனுப்புங்க.

இந்த கேம்ல சிப்பாய்தான் விவசாயி, விறகுவெட்டி, கல்லுடைக்கறவன் எல்லாம். சண்ட இல்லாத நேரம் வேலை, சண்ட வந்தா ஆயுதம். அந்தக் காலத்து கிரேக்க நகரங்கள்ல, ஆரம்பகால ரோம்ல நெசமாவே இப்பிடித்தான், நெலம் வச்சிருக்க குடிமகன்தான் சொந்த ஆயுதத்தோட போருக்கு போவான், அறுப்பு நேரம் வந்தா திரும்பி வரணும். பொம்பளைங்க பழமும் பயிரும் வேகமா சேப்பாங்க, வெலையும் கொறவு, கல்லும் உலோகமும் வெட்ட ஆம்பளைங்கள போடுங்க.

அப்பறம் வீடு. பத்து பேருக்கு ஒரு வீடுன்னு கணக்கு, 150 விறகு. வீடு இல்லன்னா புதுசா ஆள் எடுக்க முடியாது, சிவிக் சென்டர் சும்மா கிடக்கும், புதுசா ஆடுற எல்லாரும் மாட்டுற எடம் இதுதான். மேல 18/20ன்னு காட்டுறப்பமே அடுத்த வீட்டுக்கு ரெண்டு பேர அனுப்பிரணும், 20/20 ஆன பிறகு அனுப்பினா வீடு முடியிற வரைக்கும் ஒரு ஆளு கூட பொறக்காது. அதனால விறகு, விறகு, விறகு. மொத அஞ்சு நிமிஷம் பாதி ஆளு மரத்துல நிக்கணும், வீட்டுக்கு விறகு, வயலுக்கு விறகு, ஈட்டிக்காரனுக்கும் விறகு. பழச்செடி தீரப்போகுதுன்னு தெரிஞ்சதும் வயல் போடுங்க, ஒரு வயலுக்கு 100 விறகு, அஞ்சு பேருக்கு மேல ஏத்த முடியாது. பழத்த விட வயல் மெதுவா தான் குடுக்கும், ஆனா தீராது.

வெப்ராளப்படாம இது மட்டும் செஞ்சா பத்து நிமிஷத்துல அறுபது ஆளு வந்துரும். வரலன்னா மூலைல இருக்க சின்ன மேப்பு, மினிமேப், பக்கத்துல சும்மா நிக்கிற ஆள காட்டுற பட்டன் ஒண்ணு இருக்கு, அத அடிக்கடி அமுக்கி பாருங்க, எங்கயாவது ரெண்டு பேரு கட்டடம் கட்டி முடிச்சிட்டு அப்பிடியே நின்னுகிட்டு இருப்பாங்க. ஊர் அடுத்த கட்டத்துக்கு போக, கிராமத்துல இருந்து டவுன், நான் ஆடுற வெர்ஷன்ல அஞ்சு கிராமக் கட்டடமும் 500 சாப்பாடு 500 விறகும் கேக்கும், வீடும் அந்த அஞ்சுல சேரும்.

இனி சண்ட. இதுக்கு நான் பிள்ளைகளுக்கு சொல்ற வரிசை பள்ளிக்கூடத்துல தமிழ்ல படிச்ச புறத்திணைதான், பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினது, கேம் ஆடுறப்பம்தான் அது எவ்வளவு சரியான வரிசைன்னு எனக்கு வெளங்கிச்சு. வெட்சி, ஆநிரை கவர்றது, அதாவது எதிரியோட படைய தொடாம அவன் சோத்துல கைய வைக்கறது. கேம்ல அதுக்கு ஈட்டி எறியிற குதிரைக்காரன் அஞ்சு பேரு போதும், எதிரி ஆளுக பழம் பறிக்கற எடத்துக்கு போய் அடிச்சிட்டு சிப்பாய் வர்றதுக்குள்ள திரும்பி ஓடி வந்துரணும், நின்னு சண்ட போடவே கூடாது. அதே மாதிரி அவன் உங்க ஊருக்கு வந்தா கரந்தை, மீட்கறது, சிவிக் சென்டர்ல மணி அடிக்கற பட்டன் இருக்கு, அமுக்கினா வேலை பாக்குற பொம்பளைங்க எல்லாம் கட்டடத்துக்குள்ள ஓடிருவாங்க, சிப்பாய கூட்டி வெரட்டிட்டு திரும்ப வேலைக்கு அனுப்பணும், பல பேரு இந்த கடைசி பாதிய மறந்துருவாங்க, ஊரே உள்ள அடைஞ்சு கிடக்கும், சாப்பாடு ஏறாது.

அப்பறம்தான் வஞ்சி, படையெடுத்து போறது. நாப்பது ஆளுக்கு கொறைஞ்சு போகாதீங்க, ஈட்டிக்காரன் முன்ன, வில்லுக்காரன் பின்ன. ஈட்டிக்காரன் குதிரைய நிறுத்துவான், வில்லு தூரத்துல இருந்து தின்னும். படை கெளம்பினாலும் ஊர்ல வேலை நிக்கக்கூடாது, சண்டைய ரெண்டு நிமிஷம் வேடிக்கை பாத்துகிட்டே இருந்தா இங்க ஆயிரம் சாப்பாடு செலவழியாம குவிஞ்சு கிடக்கும். உழிஞை, கோட்டைய வளைக்கறது. வெறும் வாளால கட்டடத்த வெட்டாதீங்க, நெறைய ஆள சுத்தி நிறுத்தினா கொடி மாறி உங்க பக்கம் வந்துரும், உள்ள ஆளு இருந்தா அவ்வளவு சுலபமா மாறாது. ரோமானியருக்கு வாசல் இடிக்கற தடி உண்டு, மௌரியருக்கு அது இல்ல, யானைதான் இடிக்கும். நொச்சி உங்க கோட்டைய நீங்க காக்கறது, சுவரு மட்டும் கட்டினா போதாது, கோபுரத்துக்குள்ள ஆள் வைக்கணும். சுவரு எப்பிடி ஊர காக்கும்னு கண்ணால பாக்கணும்னா உதயகிரிக்கோ வட்டக்கோட்டைக்கோ ஒரு நா போய் மேல ஏறி நின்னு வாசல எங்க வச்சிருக்கான், மேல நிக்கிறவனுக்கு எது வரைக்கும் தெரியுதுன்னு பாருங்க, கேம்ல சுவரு இழுக்கறப்பம் கையி தானா சரியா போகும். தும்பை, ரெண்டு படையும் நேருக்கு நேர், அத முடிஞ்ச வரைக்கும் கடைசிக்கு வைங்க.

யானைய பத்தி தனியா சொல்லணும், ஏன்னா பிள்ளைய எல்லாம் யானை வாங்கத்தான் துடிக்கும். மௌரிய ராஜா சந்திரகுப்தன்கிட்ட இருந்து, அலெக்சாண்டருக்கு அப்பறம் மேற்கு ஆசியாவ ஆண்ட செலூக்கஸ் வாங்கினது 500 யானைன்னு கிரேக்க ஆளுக எழுதி வச்சிருக்காங்க, அதுக்கு பதிலா கெழக்க இருந்த பெரிய நெலத்தையே விட்டுக்குடுத்தான், கிமு 301ல இப்சஸ் போர்ல அந்த யானை கூட்டம்தான் எதிரி குதிரைப்படைய திரும்ப வர விடாம மறிச்சு நின்னுது. அதே யானை சரியில்லாத கையில என்ன ஆகும்னா, கிமு 202ல சாமா போர்ல கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் யானைய விட்டான், ரோம தளபதி சிப்பியோ தன் படைக்கு நடுவுல சந்து விட்டு நிறுத்தி வச்சிருந்தான், யானை பாதி அந்த சந்து வழியா நேரா போயிருச்சு, பாதி மெரண்டு சொந்த ஆளு மேலயே திரும்பிச்சு. கேம்லயும் யானைய தனியா அனுப்பினா ஈட்டி எறியறவன் தூரத்துல நின்னே தீத்துருவான், பக்கத்துல காலாள் கூட போகணும். ரோம் டோட்டல் வார்ல யானை நெசமாவே மதம் பிடிச்சு சொந்த படைய மிதிக்கும், அப்பம் அத கொல்லுறதுக்கு ஒரு பட்டனே வச்சிருக்காங்க. அந்த பட்டன அமுக்க எனக்கு இன்னும் மனசு வராது.

தோத்தா, மேட்ச் முடிஞ்சதும் வர்ற சம்மரி பக்கத்த மூடாதீங்க. அதுல கோடு போட்டு காட்டும், எந்த நிமிஷத்துல உங்க ஆள் எண்ணிக்கை ஏறாம நின்னுதுன்னு பாருங்க. நான் பாத்த வரைக்கும் தோல்வி இருபதாவது நிமிஷம் நடக்கும், அதுக்கான காரணம் எட்டாவது நிமிஷத்துல இருக்கும், வீடு இல்லாம நின்ன எடம், வயல் போட மறந்த எடம். அத மட்டும் சரி பண்ணிட்டு திரும்ப ஆடுங்க. சாண்ட்பாக்ஸ ஜெயிச்சா வெரி ஈசி, அப்பறம் ஈசி. மழை நேரம் நம்மூர்ல கரண்ட் எப்பம் போகும்னு தெரியாது, பழைய பேட்டரி வச்சிருக்கவங்க பத்து நிமிஷத்துக்கு ஒருக்க சேவ் பண்ணிக்கிடுங்க.

இது கைக்கு வந்தப்பறம் ரோம் டோட்டல் வார். 2004ல வந்தது, 2021ல புதுப்பிச்சு ரீமாஸ்டர்னு விட்டாங்க, போன்லயும் காசு குடுத்து வாங்கலாம், ஆனா போன் நல்லதா இருக்கணும், எடமும் நெறைய பிடிக்கும். கிமு 270ல ஆரம்பிக்கும், ஒரு டர்ன் அரை வருசம். ஜூலிங்கற ரோமக் குடும்பத்த எடுங்க, வடக்க கால் (Gaul) நாட்டுக்காரன் பக்கத்துலயே இருப்பான், வழி நேரா இருக்கும், கொழப்பம் கொறவு. எடுத்த உடனே லாங் கேம்பெய்ன் போகாதீங்க, அதுக்கு அம்பது மாகாணம் பிடிக்கணும், ஷார்ட்டுக்கு பதினஞ்சு போதும். இங்கயும் அதே சோத்துக் கணக்குதான், படைக்கு ஆள் எடுத்தா அந்த ஊரு மக்கள் தொகைல இருந்து நெசமாவே கொறையும், 600 பேரு இருக்க சின்ன ஊர்ல படையா எடுத்துகிட்டே இருந்தா ஊரு வளராம அப்பிடியே சுருங்கி கிடக்கும். சின்ன ஊருல விவசாயம், ரோடு, சந்தை. பெரிய ஊருல படை. இத பிரிச்சு வச்சுக்கிட்டா பணம் தானா நிக்கும்.

சண்டைல ஒண்ணே ஒண்ணு கத்துக்கிடுங்க, காலாள் பிடிச்சு நிறுத்தணும், குதிரை பின்னால போய் அடிக்கணும். கிமு 216ல கன்னே போர்ல ஹன்னிபால் நடுவுல இருந்தவங்கள மெதுவா பின்வாங்க விட்டான், ரோமானியர் ஜெயிக்கறோம்னு நெனச்சு உள்ள உள்ள போனாங்க, ரெண்டு பக்கமும் ஆப்பிரிக்க காலாள் திரும்பி அடைச்சுது, பின்னால குதிரைப்படை வந்து கதவ சாத்திருச்சு. நீங்க அவ்வளவு பெருசா பண்ண வேண்டாம். பாஸ் (pause) போட்டு கேம நிறுத்திட்டு, காலாள வரிசையா நிறுத்தி, எதிரி வந்து முட்டினதுக்கு அப்பறம் குதிரைய சுத்தி அனுப்பி முதுகுல இடிங்க, இடிச்சதும் பின்வாங்கி திரும்ப இடிங்க, அங்கயே நின்னு வெட்டினா குதிரைக்காரன் செத்துருவான். எதிரில நீள ஈட்டி ஃபேலங்ஸ் இருந்தா முன்னால போகவே கூடாது, கிமு 168ல பிட்னால அந்த வரிசை மேடு பள்ளத்துல கலைஞ்சு நடுவுல எடைவெளி விழுந்த பிறகுதான் ரோமானியர் உள்ள புகுந்து ஜெயிச்சாங்க, நீங்களும் பக்கவாட்டுல போங்க. ஜெனரல ஓடுறவன தொரத்த அனுப்பாதீங்க, அவன் செத்தா மொத்த படையும் மனசு ஒடைஞ்சு ஓடும்.

இம்பரேட்டர் ரோம்னு ஒண்ணு இருக்கு, 2019ல வந்தது, அத கடைசியா வைங்க, மெனுவே பயமுறுத்தும், ஆனா நம்ம ஆளுக ஒருக்க ஆடியே ஆகணும்னு சொல்லுவேன். மேப் ஐரோப்பால இருந்து இந்தியா வரைக்கும் இருக்கும், ஆரம்பம் கிமு 304, கீழ வந்தா பாண்டியன எடுத்து ஆடலாம். பழங்காலத்துல நடக்கற எத்தன கேம்ல நம்ம பக்கம் வெறும் காலி எடமா, மேப்போட ஓரமா கிடந்திருக்கு. ஆனா அசோகன் கல்வெட்டுலயே சோழ பாண்டியர் பேரு தனி நாடா இருக்கு, கிபி ஒண்ணாம் நூற்றாண்டுல கிரேக்க மாலுமி ஒருத்தன் எழுதின கடல் வழிக் குறிப்புல கொமரின்னு நம்ம கன்னியாகுமரி வருது, அங்க துறைமுகம் உண்டு, துறவறம் பூண்டவங்க வந்து குளிச்சு தங்குவாங்கன்னு எழுதியிருக்கான். அந்த மொனைல இருந்து ஒரு நாட்ட நடத்தறது தனி சந்தோசம்.

பாண்டியன எடுத்தா மொத அஞ்சு வருசம் வடக்க மௌரியன் பக்கம் திரும்பியே பாக்காதீங்க, அவன் மலை மாதிரி நிப்பான். பாஸ் போட்டுட்டு உங்க மாகாணத்துல சாப்பாடு மாசம் ஏறுதா எறங்குதான்னு பாருங்க, எறங்குதுன்னா படைய பெருக்கவே வேண்டாம். சண்டைக்கு போக ஒரு காரணம் வேணும், பக்கத்து நெலத்து மேல உரிமை கோரிட்டுதான் போர் அறிவிக்கணும், அப்பிடியே ஒண்ணு ஒண்ணா வேகமா விழுங்கிகிட்டே போனா சுத்தி இருக்க எல்லாருக்கும் உங்க மேல வெறுப்பு ஏறும், உள்நாட்டுலயும் கொழப்பம் வரும். ஒரு சின்ன அயல்நாட்ட எடுத்தா அந்த வெறுப்பு நம்பர் எறங்குற வரைக்கும் பொறுத்து ரோடு, வயல்னு போடுங்க, கூட்டணி ஒண்ணு பிடிச்சு வைங்க. படை வெளிய போறப்பம் அதுகிட்ட எத்தன மாசத்துக்கு சாப்பாடு இருக்குன்னு கீழயே காட்டும், அது தீர்றதுக்கு முன்ன திரும்பி நம்ம எல்லைக்கு வந்துரணும்.